அறுபத்திரண்டும் ஒன்றும்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த சனிக்கிழமையன்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். நிரந்தரமாகத் தங்குவதற்கான படிவம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வக்கீல் மேசையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டது குருவிக் கணக்குத் தாளில். கடற்கரையில் எந்தக் குருவி எத்தனை நின்றது என்று எழுதி, கீழே பெயர் போட்டுக் கொடுக்கும் தாள். அதில் ஓர் எண்ணை மாற்றச் சொன்னார்கள். முடியாது என்றேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அதற்காக என் மகள் வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. அதனால் நியாயத்தை ஊர்க்காரர்களிடமே வைத்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

நான் சேகர், மாதனூர்க்காரன். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் பதினாறு வருடம் செலெக்‌ஷன் மேசையில் நின்றவன். ஆம்பூர் என்றதும் உங்களுக்கு எந்த வாசனை ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த அண்டாவைப் பற்றி இதில் ஒரு வரிகூட வராது. அந்த ஊரில் சமையலைத் தவிர வேறு வேலையும் நடக்கிறது.

என் மனைவி கலா, அணைக்கட்டுக்காரி, நர்ஸ். இங்கே கிழக்குக் கரையோரம் உள்ள ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டது. நான் அவளுடைய விசாவில் 'சார்ந்திருப்பவர்' என்று ஒட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பெட்டி, ஒரு குழந்தை, ஒரு சார்ந்திருப்பவர்.

2

தோல் செலெக்‌ஷன் என்றால் இங்கே யாருக்கும் புரிவதில்லை. வந்த புதிதில் வேலை வாங்கித் தரும் ஏஜென்சிக்குப் போனேன். அங்கிருந்த பெண் கணினியில் தொழில் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். அதில் இல்லாத தொழிலை யாரும் செய்திருக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. கடைசியில் 'தோல், துணிப் பொருட்களைச் சுத்தம் செய்பவர்' என்ற வரியைத் தட்டிவிட்டு, "கிட்டத்தட்ட இதுதானே?" என்று சிரித்தாள். எனக்கு அப்போது ஆங்கிலம் வாயில் வரவில்லை, கோபம் மட்டும்தான் வந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன்.

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்காக அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பதப்படுத்திய தோலை வடக்குப் பார்த்த ஜன்னலடியில் மேசைமேல் விரிப்பார்கள். வடக்கு வெளிச்சம்தான் பொய் சொல்லாது. மாட்டுக்கு உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கீறல், மடிப்பில் விழுந்த சுருக்கம், எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் தோலின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதுவார்கள். ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவன் சொன்னதை இன்னொருவன் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. சொன்ன எண்ணை மேசை தாண்டி மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் தோல் மேசைக்குத் திரும்பி வர வேண்டும், இரண்டு பேரும் மறுபடி பார்க்க வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் இதுதான்.

என் மகள் யாழினிக்குப் பதிமூன்று வயது. அம்மாவிடம் தமிழ், என்னிடம் பாதித் தமிழ், தோழிகள் முன்னால் நான் இருந்தால் மௌனம். போன வருடம் ஊர்ப் பறவைக் குழுவில் சேர்ந்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் போனைப் பார்க்கும்போது இவள் நாரையைப் பார்க்கிறாள், நல்லதுதான் என்று இருந்தேன். வசந்தகாலக் கணக்கெடுப்புக்கு ஒவ்வொரு பிள்ளையோடும் பெற்றோரில் ஒருவர் வந்து எழுத வேண்டுமாம்.

"எனக்கு டூட்டி இருக்குது. நீங்கதான் போவணும்" என்றாள் கலா. "போயி சும்மா நின்னுட்டு, அவ மானத்த வாங்காம வாங்க."

காரில் ஏறியதும் யாழினி விரல் விட்டு எண்ணினாள். "அப்பா, மூணு ரூல். சத்தமா பேசக்கூடாது. போன்ல ஸ்பீக்கர் போடக்கூடாது. யார்கிட்டயும் முறுக்கு டப்பாவ நீட்டக்கூடாது."

மூன்றையும் மீறிவிட்டுத்தான் வந்தேன்.

3

வசந்தம் என்று காலண்டரில்தான் இருந்தது. காற்று காதைக் கிள்ளியது. கடல் ஏறி வரும் நேரம். தண்ணீர் ஏற ஏறச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த குருவிகள் எல்லாம் பின்வாங்கி, கூழாங்கல் திட்டு ஒன்றில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் எண்ண முடியும். குழுத் தலைவர் மார்ட்டின், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர். எங்கள் பங்குக்குத் திட்டின் இடது மூலையைக் கொடுத்து, தன்னுடைய பெரிய தொலைநோக்கியையும் நிறுத்தி வைத்துவிட்டுப் போனார்.

அந்த மூலையில் நின்றவை உப்புக்கொத்திகள். தமிழில் இவற்றுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கைக்குள் அடங்கும் குருவி. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, மார்பில் கறுப்புப் பட்டை, காலும் அலகின் அடியும் ஆரஞ்சு. எல்லாம் காற்றைப் பார்த்து முகம் வைத்து நின்றன. யாழினி ஒவ்வொன்றாக எண்ணி மூன்று தடவை தவறவிட்டாள். நான் தோல் எண்ணுவது மாதிரி ஐந்தைந்தாகத் தள்ளினேன். அறுபத்திரண்டு. அதோடு ஒன்று. அந்த ஒன்று இந்த லாட்டுச் சரக்கைச் சேர்ந்தது இல்லை.

எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். பதினாறு வருடம் ஒரே மாதிரி இருப்பவற்றுக்குள் ஒரே மாதிரி இல்லாததைத் தேடிய கண். முதலில் தெரியும், அப்புறம்தான் காரணம் கிடைக்கும். நாலடி நகர்ந்து சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கால் கறுப்பு. மார்புப் பட்டை இரண்டு பக்கமும் தொடங்கி நடுவில் சேராமல் நிற்கிறது. அலகின் அடியில் ஆரஞ்சு இல்லை. மார்ட்டினைப் பார்த்து, கம்பெனியில் சொல்கிற அதே குரலில், அதே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

"சிக்ஸ்டி டூ பீசஸ், சார். ஒன் பீஸ் ரிஜெக்ட்."

கடற்கரையே திரும்பியது. ஒரு பிள்ளையின் அம்மா, குருவிக்கு ஏதோ அடிபட்டுவிட்டது என்று நெஞ்சில் கை வைத்தாள். இரண்டு பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். யாழினி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த திசையில் குருவியே கிடையாது.

மார்ட்டின் வந்து குனிந்து பார்த்தார். அரை நிமிடம் பார்த்திருப்பார். "போன வருடம் பிறந்த குஞ்சு. அதனால் பட்டை முழுசாகவில்லை. காலில் சேறு அப்பியிருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் இதில்தான் ஏமாறுவார்கள். அறுபத்து மூன்று என்று எழுதுங்கள்" என்றார்.

"சேறு இல்லை" என்றேன்.

"ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சேறு என்றால் ஒரு உயரத்தில் நின்றுவிடும், இரண்டு காலிலும் ஒரே அளவாகவும் இருக்காது. இது இறகு தொடங்கும் இடம்வரை சீராகப் போகிறது. காய்ந்த சேறு வெளிச்சத்தைக் குடித்துவிடும், இது வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. அழுக்கு மேலே உட்காரும், நிறம் உள்ளே இருக்கும். அப்புறம், அறுபத்து மூன்றும் ஒரே சேற்றில்தான் நடந்தன. அறுபத்திரண்டு காலைக் கழுவிக்கொண்டு வந்து நிற்க, இது ஒன்று மட்டும் சோம்பேறியா?

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, பொறுமையாக. அந்தப் பொறுமைதான் எனக்குச் செரிக்கவில்லை. "எத்தனை வருடமாகப் பறவை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"இன்று காலையிலிருந்து."

யாழினி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ப்ளீஸ். அறுபத்து மூணுன்னு போட்டுடுங்க. ஒரு நம்பர்தானே."

ஒரு எண்தான். அதுதான் சிக்கலே.

4

செலெக்‌ஷன் மேசையில் எனக்கு எதிரில் நின்றவன் அன்வர். என் வயதுக்காரன், ஆம்பூர் டவுனில் வீடு. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நான் வந்து இறங்கும்போது கேட்டில் டீயோடு நிற்பான். வேலையில் எனக்கும் அவனுக்கும் ஒரு தோலுக்காவது சண்டை வராத நாள் இல்லை. சண்டை முடிந்ததும் ஒரே எண்ணில் நிற்போம். பதிவேட்டில் முதல் கையெழுத்து அவனுடையது, இரண்டாவது என்னுடையது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவன் தொழுகைக்குப் போயிருந்தான். சூப்பர்வைசர் வந்தார். இரண்டாம் தரத்தில் ஒரு கட்டு குறைகிறது, லாரி வந்து நிற்கிறது, மூன்றில் கிடப்பதில் நல்லதாகப் பார்த்து ஏற்றிவிடு என்றார். தோல் மேசைக்கு வரட்டும், அன்வரும் வரட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். யாழினி கைக்குழந்தை, கலாவுக்கு அப்போது வேலை இல்லை, எனக்குப் பயம். சாக்பீஸ் எண்ணைத் துணியால் துடைத்து மூன்றை இரண்டாக்கினேன். ஒரு கட்டு முழுக்க. அன்றைய பதிவேட்டுப் பக்கத்தில் அன்வரின் கையெழுத்து காலையிலேயே விழுந்திருந்தது.

வாங்கிய ஷூ கம்பெனி அத்தனையையும் திருப்பி அனுப்பியது. உண்ணிக் கடி கண்ணுக்கு முன்னால் நின்றது. யாராவது ஒருவரைத் தண்டிக்க வேண்டும். முதல் கையெழுத்து யாருடையதோ அவனை மேசையிலிருந்து எடுத்து, ஈரத்தோல் சுமக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். சூப்பர்வைசர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அன்வர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சில மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் பெல்ட், பர்ஸ் விற்கும் கடை போட்டான். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

ஒரு எண்தானே என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

5

தொலைநோக்கியின் கண்ணாடியில் போனை வைத்து ஒரு படம் எடுத்தேன். ஐந்து குருவிகள் வரிசையாக நின்றன. அன்வருக்கு அனுப்பினேன். எங்கே இருக்கிறேன், எதற்கு என்று ஒன்றும் எழுதவில்லை. "இதுல எது வேற?" என்று மட்டும் கேட்டேன். அங்கே மத்தியானம், கடையில் ஆள் இருக்காது.

பத்து நிமிடத்தில் பதில் குரலாக வந்தது. கை விறைத்திருந்ததில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். அந்த அமைதியான கடற்கரையில், லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அன்வர் முழங்கினான்.

"இன்னாடா சேகரு, கண்ணு தெரியலயா? லெஃப்ட்ல மூணாவது. கால் கறுப்பு. மார்ல கோடு சேரவே இல்ல. தனியா எடுத்துப் போடு. அது சரி, இன்னாத்துக்குடா குருவிய கிரேடு பண்ற, அங்க தோலு கம்மியா?"

யாழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். என்ன சொல்கிறார் என்று மார்ட்டின் கேட்டதும் மொழிபெயர்த்தாள், கடைசி வரியை விட்டுவிட்டு.

"உங்கள் நண்பர் பறவை ஆராய்ச்சியாளரா?"

"இல்லை. தோல்."

அவர் தலையாட்டினார். குழுவின் கணக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும், நிச்சயமில்லாததை ஏற்ற முடியாது, அறுபத்து மூன்று என்று திருத்திக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன், "நீங்கள் எழுதினால் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். என் கையெழுத்துக்கு மேலே நான் பார்த்ததுதான் இருக்கும்."

இதற்குள் யாழினி தொலைநோக்கிக்குப் போயிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். குருவி தண்ணீர் விளிம்புக்கு ஓடி, கால் நனைய நின்று, திரும்பி வந்தது. நான் பைனாகுலரில் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், மார்ட்டினைப் பார்த்தாள், சிரித்த பையன்களைப் பார்த்தாள். கழுத்துத்துண்டை வாய்க்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டாள்.

அறுபத்திரண்டு கூட்டல் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மார்ட்டின் பக்கத்தில் 'உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதினார். விடாப்பிடியாக இருந்தால் அரிய பறவைகளுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, கணினியில் நிரப்பி அனுப்பலாம், ஆனால் பெரும்பாலும் நிராகரிப்பார்கள் என்று நல்லபடியாகவே எச்சரித்தார். நன்றி சொல்லி முறுக்கு டப்பாவை நீட்டினேன். அவர் எடுத்துக்கொண்டார். யாழினி காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

வீட்டுக்கு வந்து அவளுடைய பறவைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கிடைத்துவிட்டது. கென்டிஷ் பிளவர், இதுவும் ஒரு வகை உப்புக்கொத்திதான். இந்த நாட்டின் கென்ட் என்ற மாவட்டத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்த மாவட்டத்திலேயே அது கூடு கட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதாம். பெயர் இவர்களுடையது. குருவி குளிர்காலத்தில் நம் பழவேற்காட்டுப் பக்கம் மேய்கிறது.

நானும் அந்தக் குருவிதான், கூட்டத்துக்குள் வேறாக நிற்கிறேன் என்று இந்த இடத்தில் எழுதுவேன் என்று எதிர்பார்த்தீர்களானால், மன்னியுங்கள். நான் குருவி இல்லை. குருவிக்கு விசா கிடையாது, கைரேகை கிடையாது, தொழில் பட்டியல் கிடையாது. நான் அதைப் பார்த்தவன். அதை எழுதிக் கொடுக்கத்தான் இத்தனை சண்டை.

படிவத்தை ஒற்றை விரலால் நிரப்பத் தொடங்கினேன். தூரம், வெளிச்சம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எல்லாம் ஓடியது. 'வேறு யார் பார்த்தார்கள்? அவர்கள் ஒத்துக்கொள்கிறார்களா?' என்ற இடத்தில் விரல் நின்றது. அன்வருக்குப் போன் போட்டேன். அங்கே கடை எடுத்துவைக்கும் நேரம்.

"இன்னாடா, குருவி இன்னாச்சு?"

"ஒரு ஃபார்ம் நிரப்புறேன். ரெண்டாவது ஆள் பேரு கேக்குறாங்க. உன் பேர போடட்டா?"

"எம்பேரு எதுக்குடா? நான் போட்டோதான பாத்தேன்."

"போட்டோன்னே எழுதிடறேன். மேசைல ரெண்டு பேர் பாக்கணும்ல."

அந்தப் பக்கம் ஷட்டர் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"அன்வரு. அந்த வெள்ளிக்கிழம, நீ தொழுகைக்குப் போயிருந்தப்ப, மூணை ரெண்டா மாத்துனது நான்தான்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"லாட்டு திரும்பி வந்த அன்னிக்கே. சாக்பீஸ தொடச்ச எடம் எனக்குத் தெரியாதா? நான் இன்னா குருடனா?"

"அப்ப ஏன்டா ஆபீஸ்ல சொல்லல?"

"நீ சொல்வேன்னு பாத்தேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, வந்தது. இத்தனை வருடம் வாங்கிக் குடித்த டீ அத்தனைக்கும் அர்த்தம் புரிந்தது. அவன் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"கோவம் போய்ட்டுதுன்னு நெனைக்காத" என்றான் அன்வர். "கீது. ஜாஸ்தியாவே கீது. ஊருக்கு வா, வச்சிக்கிறேன். இப்ப சொல்லிட்ட இல்ல, மொதல்ல பேர எழுது. ஊரயும் சேத்து எழுது."

போனை வைத்துத் திரும்பினால் யாழினி கதவருகே நிற்கிறாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எல்லாமே கேட்டிருப்பாள், போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"நகருங்கப்பா" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

"லிஸ்ட்ல இன்னா இருக்குது?"

"லிஸ்ட் இல்ல. காலி இடம்தான். என்ன வேணா எழுதலாம்."

"பதினாறு வருஷம், தோல் செலெக்‌ஷன், ஆம்பூர்."

அப்படியே அடித்தாள். அடுத்து அன்வரின் பெயர், ஊர். "மாமா என்ன வேலைன்னு போடறது? இப்ப கடைதானே?"

"தோல் செலெக்டர்னு போடு."

போட்டாள். போட்டோவைப் பார்த்து ஒத்துக்கொள்கிறார் என்றும் எழுதினாள். அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போய் நின்றது. அவள் அழுத்தவில்லை.

"அப்பா. இன்னொரு பேருக்கு இடம் இருக்கு." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நானும் பார்த்தேன். தண்ணில நின்னு வந்தப்புறமும் கால் கறுப்பாதான் இருந்துச்சு."

அப்போது ஏன் அங்கே சொல்லவில்லை என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்க உலகத்திலேயே தகுதி இல்லாத ஒருவன் நான்தான்.

"இப்ப சொல்லிட்ட இல்ல" என்றேன். "எழுது."

மூன்றாவதாகத் தன் பெயரை எழுதி அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை. நிராகரித்தாலும் நிராகரிக்கட்டும். எங்களைக் கேட்டால், எப்போது கேட்டாலும், அறுபத்திரண்டு கூட்டல் ஒன்றுதான்.